மருந்து கொண்டு போனவர்களை ஏன் அடிக்கிறார்கள்?



கொள்ளை நோய்க் காலங்களில், நோயைத் தடுக்கப் போகிறவர்களுக்கு அந்த ஊர் ஜனங்களாலேயே நேரும் ஆபத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம்.

2014-ம் வருஷத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா என்னும் விஷக் காய்ச்சல் பரவிற்று. 2016-ல் அது ஓய்வதற்குள் 11,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்நோயைப் பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல, 2014 செப்டம்பரில் கினி தேசத்து வோமே கிராமத்துக்கு ஒரு கூட்டத்தார் போனார்கள். அவர்களில் அதிகாரிகள், வைத்தியர்கள், ஒரு மத போதகர், பத்திரிகைக்காரர்கள் ஆக 8 பேர் கொல்லப்பட்டு, பள்ளிக்கூடத்து மலக்குழியில் பிரேதமாகக் கிடந்தார்கள். "இவர்கள்தான் நோயைக் கொண்டு வந்து பரப்புகிறார்கள்" என்ற வதந்தியே காரணம்.

பிறகு 2018 முதல் 2020 வரை அதே நோய் காங்கோவின் கிழக்குப் பாகத்தில் 2,200 பேருக்கு மேல் பலி கொண்டது. அங்கே 2019 ஏப்ரலில், புட்டெம்போ நகரத்து ஆஸ்பத்திரியிலேயே, உலக சுகாதார ஸ்தாபனம் அனுப்பிய காமரூன் தேசத்து டாக்டர் ரிச்சர்டு முசோக்கோ சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதைக் கேட்டவுடன், "அறிவில்லாத ஜனங்கள்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம். பகுத்தறிவு பேசுகிற நமக்கு இது வெகு சுலபமான பதில். சுலபமாயிருப்பதனாலேயே இதைச் சற்றுச் சந்தேகிக்க வேண்டும் என்கிறோம்.

வதந்தி பொய்தான். கொலைக்குச் சமாதானமும் கிடையாது. ஆனால் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக விலை போனதேன்?

கினியில் ஆரம்பத்தில், "இந்நோய்க்கு மருந்தே கிடையாது" என்று பிரசாரம் செய்தார்கள். மருந்தில்லாத நோய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று ஒருவன் கேட்டால் அவனா முட்டாள்? உள்ளே நடந்து போன தகப்பன் பிளாஸ்டிக் பையில் வெளியே வருகிறான். பிரேதத்தைத் தொட்டுக் கழுவுவதால் நோய் தொற்றும் என்பது மெய். ஆனால் அந்தக் காரணத்தை விளங்கச் சொல்லாமல், பிரேதத்தை மாத்திரம் பிடுங்கிக் கொண்டு போனால் மகன் என்ன நினைப்பான்?

காங்கோவில் நடந்தது இன்னும் மோசம். 2018 டிசம்பர் தேர்தலில், நோயையும் கலகத்தையும் சாக்குச் சொல்லி பெனி, புட்டெம்போ ஜனங்களுக்கு ஓட்டை மார்ச் மாதத்துக்குத் தள்ளிப் போட்டார்கள். புது ஜனாதிபதியோ ஜனவரியிலேயே பதவி ஏற்றுவிட்டார்! நோயே அரசியல் சூழ்ச்சி என்று அந்த ஜனங்கள் நினைத்ததில் என்ன ஆச்சரியம்? அன்றியும், உதவிக்குப் போனவர்களில் சிலர், வேலை தருகிறோமென்று பெண்களைக் கெடுத்ததை 2021-ல் ஒரு விசாரணைக் கமிஷனே வெளிப்படுத்திற்று.

ஆகவே, பொய் சொன்னவனும் அக்கிரமம் செய்தவனும் எங்கேயோ பத்திரமாயிருக்கிறார்கள். கல்லடியும் குண்டும் படுவது ஊசி போடப் போன தாதிக்கும் டாக்டருக்குந்தான்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 2014 கடைசியில் அடக்க விதிகளை மாற்றி, குடும்பத்தாரும் பத்திரமான தூரத்தில் நின்று மரியாதை செய்ய இடம் கொடுத்தார்கள். காங்கோவில், நோயாளியை உறவினர் வெளியிலிருந்தே பார்த்துப் பேசும்படி ஒளி ஊடுருவும் அறைகள் வைத்தார்கள். நோய் பிழைத்தவர்களையே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நியமித்தார்கள். அத்தனை கலவரத்திலும் அங்கே 3,00,000 பேருக்கு மேல் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். கண்ணால் காணவும் கேள்வி கேட்கவும் விட்டால் ஜனங்கள் மெய்யை ஏற்றுக்கொள்ளுகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தோழர்களே! சர்க்காரையும் வைத்தியரையும் "காரணம் சொல்" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதே கேள்வியை வதந்தி கொண்டு வருகிறவனிடமும் கேட்க வேண்டும். "கண்டவன் யார்? உனக்குச் சொன்னவன் யார்?" என்று வோமேயில் 10 பேர் கேட்டிருந்தால், அந்த 8 உயிர்கள் ஒருவேளை பிழைத்திருக்கும். கேள்வியை ஒரு பக்கம் மாத்திரம் கேட்பது பகுத்தறிவாகாது என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.