டிவியில் வீடியோ நின்று நின்று ஓடினால் முதலில் எங்கே பார்ப்பது?

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளையின் கல்யாண வீடியோ, நம்ம ஊர் விஜயராகவப் பெருமாள் கோயில் உற்சவத்தில் எடுத்தது எல்லாம் லேப்டாப்பில் இருக்கும். அதை வைஃபை வழியாக ஹால் டிவியில் போடுகிறீர்கள். நின்று நின்று ஓடுகிறது. உடனே நம்மில் பலர் இன்டர்நெட் பிளானைக் கூட்டிவிடுகிறோம். மாதாமாதம் பணம் கூடுதலாகப் போகிறது. வீடியோ மட்டும் சரியாவதில்லை.

காரணம் எளிது. அந்த வீடியோ வெளியிலிருந்து வரவில்லை. லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கும், அங்கிருந்து டிவிக்கும் வீட்டுக்குள்ளேயே போகிறது. பிளானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. 1 மணி நேர வீடியோ 9 ஜிபி என்று வையுங்கள். 9-ஐ 8,000-ஆல் பெருக்கினால் 72,000 மெகாபிட். 3,600 விநாடியால் வகுத்தால், விநாடிக்கு 20 மெகாபிட் தேவை. லேப்டாப்பும் டிவியும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் அதே வீடியோ காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. அப்போது 40 ஆகிவிடுகிறது.

பாங்கில் கணக்கு டேலி ஆகாவிட்டால், தவறு எந்தப் பக்கம் என்று முதலில் பிரிப்போம். இங்கேயும் அப்படியே செய்யுங்கள்.

1. அதே வீடியோவை பென் டிரைவில் போட்டு டிவியில் செருகிப் பாருங்கள். பெரிய ஃபைல் ஏறாவிட்டால், அதே கேமராவில் எடுத்த சின்ன வீடியோ போதும்.

2. அதிலும் திக்கினால் வைஃபை மேல் குற்றமில்லை. எச்.265 என்ற முறையில் பதிவான வீடியோவைப் பழைய டிவிகள் பல ஏற்பதில்லை. எச்.264-க்கு மாற்றிக் கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளே போதும்.

3. பென் டிரைவில் நன்றாக ஓடினால் கோளாறு வழியில். லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் இணையுங்கள். காற்றில் போகும் சுமை பாதியாகும்.

4. டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதற்கு மாற்றுங்கள். வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டினால் பலம் குறையும். ஆகவே ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காமல், டிவி இருக்கும் அறையில் உயரமாக வையுங்கள்.

கடைசியாக, நாம் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பக்கத்துப் பக்கத்து வீட்டார் எல்லோரும் ஒரே சேனலில் இருந்தால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் பேசி, ஆளுக்கு ஒரு சேனலாகப் பிரித்துக்கொள்ளலாம். ரவுட்டர் செட்டிங்கில் ஐந்து நிமிட வேலை, செலவு கிடையாது.

இவ்வளவும் பார்த்த பிறகு, வெளியிலிருந்து வரும் படங்களும் நின்றால் மட்டும் பிளானைப் பற்றி யோசியுங்கள்.