கண்ணுக்குத் தெரியாத வன்கூடு



மணமாகி நான்கைந்து ஆண்டுகள் சென்றும் மழலைச் சொற் கேளாத வீடுகள் நம்மிடையே பல உண்டு. அவ்வீட்டுக்கு வருவோர் யாரை நோக்கிக் கேள்வி எழுப்புகின்றனர்? பெண்ணையே. நேர்த்திக்கடன் வைப்பவளும் அவளே. விரதம் இருப்பவளும் அவளே. வைத்தியசாலை வாங்கிலே தனித்துக் காத்திருப்பவளும் அவளே. ‘மலடி’ என்ற கொடுஞ்சொல் நம் மொழியில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஆணை அவ்வாறு பழிக்க நாம் பழகவில்லை. ஆயினும், பிள்ளைப்பேறு வாய்க்காத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்துக் காரணத்தின் முழுமையோ ஒரு பகுதியோ ஆணிடமே உள்ளது என்பது இன்றைய மருத்துவம் கண்ட உண்மை. அக்காரணங்கள் பலவகைப்படும். அவற்றுள் ஒன்றனை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்: விந்தணுவுக்கு உருவமும் ஓட்டமும் தருகின்ற வன்கூடு பழுதுறுதல்.

எலும்பே இல்லாத ஒரு கலத்துக்கு வன்கூடு ஏது என்று நீங்கள் கேட்கலாம். நம் உடலை ஆக்கும் கலங்களின் உள்ளே, புரதத்தாலான நுண்ணிய இழைகளும் குழாய்களும் பின்னிக் கிடக்கின்றன. கூரையை வளையும் கைமரமும் தாங்குவதுபோல அவை கலத்தின் உருவைத் தாங்குகின்றன. இதனையே குழியவன்கூடு என்பர். ஒரு மில்லிமீற்றரை நாற்பதாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே இக்குழாய் ஒன்றன் தடிப்பு. தச்சன் வைத்த கைமரம் வைத்த இடத்திலேயே கிடக்கும். இக்குழாய்களிற் பலவோ வேண்டியபோது கட்டப்பட்டு, வேண்டாதபோது பிரிந்துவிடும்.

இவற்றின் இன்றியமையாமைக்கு நம் வேலியோரத்துக் கார்த்திகைப் பூவே சான்று பகரும். அச்செடியின் கிழங்கு உயிர்கொல்லும் நஞ்சு என்பதை நம் முன்னோர் நன்கறிவர். அதிலுள்ள கொல்சிசீன் என்னும் பொருள் இக்குழாய்களின் அடிப்படைப் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அவை கட்டப்படாதவாறு தடுத்துவிடுகின்றது. குழாய்கள் இன்றேல் கலம் பிரிந்து பெருக இயலாது.

இனி, விந்தணு தோன்றும் இடத்துக்குச் செல்வோம். விதையின் உள்ளே ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் செல்கின்றன. 1865இல் இத்தாலியரான என்றிக்கோ சேட்டோலி என்பார் விவரித்த தாதிக் கலங்கள், வளரும் கலங்களைத் தாங்கிப் போசித்து, உரிய காலத்தில் விடுவிக்கின்றன. அவ்வாறு தாங்குவதற்கும் விடுவிப்பதற்கும் தாதிக் கலங்களின் வன்கூடே துணை நிற்கின்றது.

விந்தணுவாக மாறவேண்டிய கலம் முதலில் வெறும் உருண்டையாகவே இருக்கும். பின்னர் அதன் கருவைச் சூழ நுண்குழாய்கள் ஒரு சட்டைக்கை விளிம்புபோல அமைகின்றன. அவ்விளிம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகிய ‘மான்செற்’ என்பதே இவ்வமைப்புக்கும் பெயராயிற்று. தலை நீண்டு ஒடுங்கவும், வால் கட்டுவதற்கு வேண்டிய பொருள்கள் பின்னோக்கிச் செல்லவும் இது உதவுகின்றது. வேலை முடிந்ததும், கட்டடத்துச் சாரம் கழற்றப்படுவதுபோல இதுவும் கழற்றப்படவேண்டும். சாரம் உரிய காலத்தில் நீங்காவிடின் தலை கோணலுறுவதை எலிகளில் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

வாலின் அமைப்போ இதனினும் வியப்புக்குரியது. அதனைக் குறுக்கே வெட்டி இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் ஒரு வண்டிச் சில்லுப் போலத் தோன்றும். நடுவில் இரண்டு குழாய்கள், சுற்றிலும் ஒன்பது இரட்டைக் குழாய்கள், இடையே ஆரக்கால்கள். இரட்டைக் குழாய்களிலிருந்து சின்னஞ்சிறு கைகள் நீண்டிருக்கும். அக்கைகளை ஆக்கும் புரதத்துக்கு இயன் கிபன்ஸ் என்பாரும் அவர்தம் தோழரும் 1965இல் ‘டைனீன்’ எனப் பெயரிட்டனர். இக்கைகள் அடுத்த குழாயைப் பற்றி இழுக்கும்போதே வால் வளைந்து நெளிகின்றது, விந்தணு நீந்துகின்றது.

கைகள் இல்லையாயின் என்னாகும்? இதற்கு விடை கண்டவர் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பியோன் அவ்செலியஸ். விந்தணுக்கள் உயிரோடிருந்தும் அசையாத சில ஆண்களை அவர் ஆராய்ந்தார். வால்களில் டைனீன் கைகளைக் காணவில்லை. அவர்களுட் பலர் ஓயாத இருமலாலும் மூக்கடைப்பாலும் வருந்தியவர்கள். சிலருக்கு இதயம் வலப்புறத்தில் இருந்தது. சுவாசக் குழாயிலே சளியைத் தள்ளும் பிசிர்களும் விந்தணுவின் வாலும் ஒரே திட்டத்திற் கட்டப்பட்டவை என்பதனால், ஒரே குறை இரண்டிடத்தும் வெளிப்பட்டது. 1976இல் அவர் இதனை உலகுக்கு அறிவித்தார்.

எல்லோருக்கும் இருமல் வருவதில்லை. டைனீனின் ஒரு பகுதியை ஆக்கும் பரம்பரையலகு ஒன்று பழுதுற்றால், மற்றெல்லா வகையிலும் நலமுள்ள ஆணின் விந்தணுக்கள் குட்டையான, சுருண்ட, அல்லது அறவே இல்லாத வால்களோடு பிறக்கின்றன என்பது 2014இல் தெரியவந்தது. தந்தை வழியிலும் தாய் வழியிலும் வந்த இரு அலகுகளும் பழுதுற்றிருந்தாலே இக்குறை தோன்றும். ஆதலின், நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். மச்சானும் மச்சாளும் மணம் புரிதலை வழக்கமாகக் கொண்ட நாம் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இக்குறையுடைய ஆண் ஆண்மையிற் குறைந்தவன் அல்லன். உடல் வலிமையும் இல்லற வாழ்வும் குறைவற இருந்தும், நுண்குழாய்களின் பழுது உள்ளே மறைந்திருக்கக் கூடும். அது அவன் செய்த பிழையுமன்று, எவரிட்ட சாபமுமன்று.

வழியும் இல்லாமற் போகவில்லை. ஒரேயொரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் முட்டையினுள்ளே செலுத்தும் முறையைப் பெல்ஜியத்துப் பிறசல்ஸ் நகர வைத்தியர்கள் 1992இல் வெளியிட்டனர். நீந்தவியலாத விந்தணுவும், உயிருள்ளதாயின், இம்முறையால் ஒருவனைத் தந்தையாக்க வல்லது. இதற்குச் செலவு மிகும். ஒவ்வொரு முறையும் வெற்றி கிட்டும் என்றும் சொல்வதற்கில்லை. பரம்பரைக் குறை பற்றி முன்கூட்டியே வைத்தியருடன் கலந்து பேசுதலும் நன்று.

அசைவு குறைந்த விந்தணுக்கள் எல்லாம் பரம்பரைப் பழுதுடையன என்று அஞ்சவும் வேண்டாம். கடுங்காய்ச்சல், மிகுந்த வெப்பம், புகைத்தல், விதையைச் சூழ்ந்த நாளங்களின் வீக்கம் ஆகியனவும் காரணமாகலாம். இன்று வந்த காய்ச்சலின் விளைவு இரண்டு மூன்று மாதங்களின் பின்னரே தெரியக்கூடும். ஆகவே ஒரு சோதனையைக் கொண்டு தீர்ப்பு எழுதிவிடாது, இடைவெளி விட்டு மீண்டும் சோதித்துப் பார்த்தல் முறை.

பெண் உட்படும் சோதனைகள் பல. அவற்றுட் சில நோவு தருவன. ஆணின் விந்துச் சோதனையோ எளியது, நோவற்றது. அந்த எளிய சோதனையைத் தொடக்கத்திலேயே செய்துகொள்ள ஆண்கள் முன்வரல் வேண்டும். மருமகளை வைத்தியரிடம் அனுப்பும் மாமியார்மார், மகனையும் உடன் அனுப்புதல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரு பெண் சுமக்கும் பழிச்சொல், நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்த ஒரு துளியினால் நீங்கிவிடக் கூடும்.