எல்லையோர ஊரும் அதன் காகிதங்களும்

அம்மையார்குப்பம் என்றதும் நம் பக்கத்துக்காரர்களுக்குத் தறிச்சத்தம்தான் நினைவுக்கு வரும். ஆந்திர எல்லையோரம், ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த நெசவாளர் ஊரின் பழைய கதையை ஆவணங்களில் தேட உட்கார்ந்தால், எந்த மாவட்டத்துக் கட்டைப் பிரிப்பது என்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடும்.

1911 வரை இந்தப் பகுதி வட ஆர்க்காடு. அந்த ஆண்டு ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலத்தோடு போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரை, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் கடந்து, 1960 ஏப்ரல் 1இல் செங்கல்பட்டு மாவட்டமாகத் திரும்பி வந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். ஆகவே சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடினால் இடையில் ஆறரை ஆண்டு விட்டுப்போகும். அந்தக் காலத்து ஆணைகள் முதலில் கர்னூலிலும் பிறகு ஐதராபாத்திலும் இருந்து போடப்பட்டவை.

காகிதம் கிடைத்துவிட்டால் போதுமா? அதை யார், எதற்காக எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். புல எண், நஞ்சையா புஞ்சையா, தரம், தீர்வை, கடைசியில் குறிப்பு என்று வரிசையாகப் போகும். ஏரியும் சுடுகாடும் களமும் அந்தக் குறிப்புக் கட்டத்தில் அகப்படும். தறிக்காரர் மட்டும் அகப்பட மாட்டார். நிலம் இல்லாதவர் வீடு நத்தத்தில் இருக்கும். பல ஊர்களில் நத்தம் முழுவதும் நெடுங்காலம் ஒரே புல எண்ணாகக் கிடந்தது. தீர்வை வாங்க எழுதிய கணக்கில் தீர்வை கட்டாதவருக்கு இடமில்லை. சர்வே வரைபடமும் ஏரிக்கரையைக் காட்டும், கோயிலைக் காட்டும். பாவு ஓடும் தெருவை வெறும் கோடாகத்தான் காட்டும். 1977இல் திருத்தணி அருகே வேலஞ்சேரியில் கிடைத்த பல்லவ, சோழச் செப்பேடுகளும் அப்படித்தான். அவை கொடையைப் பதிய வெட்டியவை. கொடை பெறாதவரைப் பற்றி அவற்றுக்கு அக்கறை இல்லை.

இந்தக் குறையைப் புகைப்படம் ஓரளவு நிரப்புகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிப்பிடித்து எண்மமாக்கினார்கள். அந்த வகைப் படங்களில் நெசவாளர் குடும்பம் கிடைக்கலாம். ஆனால் படமும் சாட்சியை ஜோடித்துத்தான் நிறுத்தும். பின்னால் தொங்கும் மாளிகைத் திரை ஸ்டூடியோக்காரருடையது. கைக்கடிகாரம் இரவலாக இருக்கலாம். சேலையின் கரை, அட்டையின் பின்புறம் அச்சிட்ட ஸ்டூடியோ முகவரி, இவற்றை நம்பலாம். முகவரியில் மாவட்டத்தின் பெயர் இருந்தால் படத்தின் காலத்தைக்கூட ஓரளவு கணிக்கலாம்.

ஆக, ஆவணங்களில் ஊர்க்கதை தேடும் கலையின் பலம் தனி ஆவணத்தில் இல்லை. பதிவேடு மறைத்ததைப் படத்திடமும், படம் ஜோடித்ததை வரைபடத்திடமும் கேட்டு, ஒன்றை வைத்து ஒன்றை மடக்குவதில்தான் இருக்கிறது. பழையதைப் பார்த்து உருகுவது இதற்கு உதவாது. குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கும். அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துப் பழைய பாஸ்புத்தகத்தையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தறிக்காரரின் பெயர் இருக்கும் காகிதம் ஒருவேளை அது ஒன்றுதான்.