பெயரைச் சுமந்து செல்வோர்

(அறக்கட்டளையின் மாணவர் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியிலும் விளையாட்டிலும் ஒருங்கே சிறந்து விளங்கிய நம் மாணவன் ஒருவனின் நினைவாக இவ்வாண்டு முதல் ஒரு பரிசு வழங்கப்பெறுகிறது. அவன் என்னிடம் தமிழ் பயின்றவன். நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரத்தை முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியவன் நான். அவன் மறைந்த செய்தி வந்த நாளில் அந்தப் பாடம் எனக்கே துணை நிற்கவில்லை.

பரிசுக்கு அவன் பெயரைச் சூட்ட இசைவு வேண்டி அவன் தந்தையாரைக் கண்டேன். "எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள், ஐயா. என் பிள்ளை பெயருக்கு மட்டும் எதற்கு இந்தச் சிறப்பு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. எனக்குத் தெரிந்த வேறொரு தந்தையின் வரலாற்றை மட்டும் அவருக்குச் சொன்னேன். அதையே இங்கும் சொல்ல விழைகிறேன்.

அமெரிக்க நாட்டின் ஐயோவா மாநிலத்தில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர் நைல் கின்னிக். ஐயோவா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அந்நாட்டினர் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி, தடுப்போரைக் கடந்து எல்லையை நோக்கி ஓடும் கடுமையான ஆட்டம் அது. 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து இரண்டே வெற்றிகளைக் கண்டிருந்த ஐயோவா அணி, 1939இல் எட்டு ஆட்டங்களில் ஆறில் வென்றது. அவ்வெற்றிகளுக்கு முதன்மையாக நின்றவர் கின்னிக். நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு உரிய ஹைஸ்மன் விருது அவ்வாண்டு அவரைத் தேடி வந்தது. கல்வியில் சிறந்தோரை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் ஃபை பீட்டா கப்பா கழகத்திலும் அவர் உறுப்பினர் ஆனார்.

அப்போது ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. விருதேற்புரையில், ஐரோப்பாவின் போர்க்களங்களில் நில்லாமல் தம் நாட்டு ஆடுகளத்தில் நிற்க வாய்த்தமைக்காக அவ்விளைஞர் இறைவனுக்கு நன்றி கூறினார். பணத்துக்கு ஆடும் அணிகள் அழைத்தன. அவரோ சட்டம் பயிலச் சென்றார்.

போர் அவரையும் விடவில்லை. கடற்படை விமானியானார். 1943 ஜூன் 2ஆம் நாள், பயிற்சிப் பறப்பின்போது அவர் விமானத்தில் எண்ணெய்க் கசிவு ஏற்பட்டது. கப்பலின் தளத்திலோ புறப்பட வேண்டிய விமானங்கள் நின்றிருந்தன. அவர் கடலில் இறக்கினார். மீட்கச் சென்றவர்களுக்கு உடலும் கிடைக்கவில்லை. அகவை 24. மறு ஆண்டே அவர் தம்பி பென் என்பவரும் அப்போரில் மாண்டார்.

போர் முடிந்ததும், பல்கலைக்கழக விளையாட்டரங்குக்குக் கின்னிக்கின் பெயரைச் சூட்டலாம் என்ற பேச்சு எழுந்தது. இரண்டு மக்களை இழந்த அத்தந்தை அதற்கு உடன்படவில்லை. எண்ணற்ற இளைஞர் மாண்டிருக்கையில் தம் மகனை மட்டும் தனித்து உயர்த்துவது முறையன்று என்பது அவர் கருத்து. 1972ஆம் ஆண்டில்தான் அவர் இசைந்தார். அரங்கம் கின்னிக் அரங்கம் ஆயிற்று.

இன்று அப்பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் மாணவர் உதவித்தொகை உண்டு. ஐயோவா இடம்பெற்றுள்ள பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் ஆட்டங்களில், தொடக்கத்தில் சுண்டப்படும் நாணயத்தில் அவர் உருவம் உண்டு. ஜப்பானின் யோகோசுகா நகரில், அமெரிக்கப் படையினரின் பிள்ளைகள் பயிலும் பள்ளியும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவரை நேரில் கண்டறியாத பிள்ளைகள் அப்பெயரை நாள்தோறும் சொல்கின்றனர். ஒருவர் பெயர் இவ்வாறு பலருக்குப் பயன்படுமாயின், அத்தந்தை அஞ்சிய குறை அதில் இல்லை என்றே நான் எண்ணுகிறேன்.

நான் சொல்லி முடித்தபோது நம் மாணவனின் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் அவரே என் வீட்டுக்கு வந்தார். "சான்றிதழில் பரிசு பெறும் பிள்ளையின் பெயர் பெரிதாக இருக்கட்டும், ஐயா. என் பிள்ளையின் பெயர் கீழே சிறியதாக இருந்தால் போதும்" என்றார். அறங்காவலர்களும் அவ்வாறே அச்சிட்டிருக்கிறார்கள்.

மாணவச் செல்வங்களே! அவனைப் போலவே நீங்களும் ஆக வேண்டும் என்று இப்பரிசு கட்டளையிடவில்லை. புத்தகத்துக்காக ஆடுகளத்தையும், ஆடுகளத்துக்காகப் புத்தகத்தையும் கைவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். பெற்றோர்களும், பொதுத்தேர்வு ஆண்டு என்று சொல்லிப் பிள்ளைகளின் மாலைப் பொழுதைப் பூட்டிவிடாதீர்கள். அவன் பன்னிரண்டாம் வகுப்பிலும் மாலைதோறும் ஆடியவன். என் பாடத்தில் ஒரு நாளும் பின்தங்கியவன் அல்லன்.

இன்று வீட்டுக்குச் சென்றதும் சான்றிதழின் கீழே உள்ள அந்தச் சிறிய பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அவன் தாயார் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பரிசு பெற்ற பின் அவரிடம் சென்று உங்கள் பெயரையும், நீங்கள் ஆடும் ஆட்டத்தையும் சொல்லுங்கள். அவர் கேட்க விரும்புவார்.