மடிக்கணினியும் மாணாக்கரும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஏழைச் சிறார்க்கு மலிவு விலை மடிக்கணினி வழங்க நம் சங்கம் நிதி திரட்டுகிறது. இரவல் புத்தகங்களைப் படித்துப் பத்தாம் வகுப்பில் தேறி, இரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவன் நான், இம்முயற்சியை வேண்டாமென்பேனா? ஆயினும் ஒன்று கூற விழைகிறேன்.

2005ஆம் ஆண்டில் நிக்கொலஸ் நெக்ரோபாண்டே என்னும் அமெரிக்கப் பேராசிரியர், குழந்தைக்கொரு கணினி 100 டாலரில் தருவோமென அறிவித்தார். 2007இல் கருவி வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 188 டாலர். வெயிலிலும் எழுத்துத் தெரியும் திரை; மின்செலவோ சொற்பம். நல்ல கருவிதான். தென்னமெரிக்காவின் பெரு நாடு 8 இலட்சத்துக்கு மேல் வாங்கிற்று. அங்கே 319 சிற்றூர்ப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கையோ, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி உயரவில்லை என்றது. பல பள்ளிகளில் கருவியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை. பெரும்பாலும் இணைய இணைப்பில்லை. ஆசிரியர்க்குப் பயிற்சியும் போதவில்லை.

ஆதலின், பத்து வாங்க எண்ணியுள்ள குழுவினர் ஆறு வாங்கட்டும். எஞ்சிய பணம் இணையத்துக்கும் பழுதுபார்க்கவும் ஆகும். மாலைதோறும் ஒரு மணி நேரம் உடனிருந்து சொல்லித்தர இக்குடியிருப்பின் இளைஞர் எத்தனை பேர் வருவர்? பெயரெழுதும் தாளை வாயிலில் வைத்திருக்கிறேன். முதற்பெயர் என் மகனுடையது. அவனை இன்னும் கேட்கவில்லை.