படம் பிடித்தவனை மறக்காதீர்கள்

தீவகத்து உறவுகளே, தாய்மாரே, வெயிலுக்குள் படகேறி வந்திருக்கிற நெடுந்தீவுப் பெரியோரே!

தேர்தலும் கமராவும் பற்றிப் பேசக் கேட்டார்கள். ஊர்காவற்றுறையில் நின்று அதைப் பேச எனக்குத் தாள் தேவையில்லை. 2000 ஒக்ரோபர் 10, பாராளுமன்றத் தேர்தல். இந்தத் தீவுகளில் நடந்த வாக்கு மோசடியையும் மிரட்டலையும் வெளியே கொண்டுவந்தவர் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன். தேர்தல் முடிந்து ஒன்பதாம் நாள் இரவு, யாழ்ப்பாணத்தில், வீட்டு யன்னலால் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அது ஊரடங்கு நேரம்! எங்களில் ஒருவரும் படலையைத் திறக்க முடியாத நேரத்தில் துவக்கோடு தெருவில் வந்தவன் யார்? இன்றைக்கும் கேட்கிறேன்.

இன்னொருவன். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை, கையிலே ஒரு கமரா. 2006 ஜனவரி 2, கடற்கரையில் ஐந்து மாணவர்கள் செத்துக் கிடந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்தது என்றது படைத்தரப்பு. இவன் பிரேத அறைக்குள் போனான். தலையில் துவக்குச் சூட்டுக் காயங்கள்! படம் பிடித்தான். ‘சுடர் ஒளி’ பத்திரிகை போட்டது. பொய் அன்றைக்கே செத்தது. ஜனவரி 24, காலையில் வேலைக்குப் புறப்பட்டவனைச் சுட்டார்கள். அவன் பெயரை நீங்களே சொல்லுங்கோ... ஓம், சுகிர்தராஜன்! இன்னும் பலமாகச் சொல்லுங்கோ!

கமரா இல்லாத இடமும் உண்டு. 1985 மே 15, நெடுந்தீவின் குமுதினிப் படகு. நடுக்கடலில் மறித்து, ஆளாளாகக் கூப்பிட்டு வெட்டினார்கள். உயிர்தப்பியவர்களின் வாயால்தான் உலகம் அறிந்தது. செத்தவர்கள் 23 என்பார் ஒருவர், 36 என்பார் இன்னொருவர். எங்கள் பிணங்களின் எண்ணிக்கைக்கே வழக்காட வேண்டியிருக்கிறது! ஆனால் மே மாதம் வந்தால் அஞ்சலி செலுத்த நெடுந்தீவு மாவிலித்துறைக்குச் சொந்தப் படப்பிடிப்பாளரோடு வருகிறார்கள் சிலர். கையில் மாலை, கண் கமராவில். பெயர் சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரியும். ஐயாமாரே, அந்தத் துறையில் உங்கள் முகம் எங்களுக்கு வேண்டாம். செத்தவர்களின் முகம் வேண்டும்!

தென்னாப்பிரிக்காவிலும் கமராக்காரன் செத்தான். கறுப்பின மக்கள் முதன்முதலாக வாக்களித்த 1994 ஏப்ரல் தேர்தலுக்கு ஒன்பது நாள் முன், தொக்கோசாவில் கென் ஊஸ்டர்புரூக் சூடுபட்டு விழுந்தான். அங்கே விடுதலை வந்தது, அவன் படங்களும் நிலைத்தன.

எங்கள் சுகிர்தராஜனுக்கு? திருகோணமலை மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுதலை. சாட்சி போதாதாம். அந்தப் படம் கண்முன்னே இருக்கிறது, எடுத்தவன்தான் இல்லை. அவனைக் கொன்றவர்களுக்கும் இன்றுவரை தண்டனை இல்லை.

தாய்மாரே, உங்கள் தகரப்பெட்டிகளில் படங்கள் கிடக்கின்றன. மண்டைதீவில், அல்லைப்பிட்டியில், வேலணையில் காணாமற்போன பிள்ளைகளின் படங்கள். கறையான் தின்ன விடாதீர்கள். பின்பக்கத்தில் பெயர், ஊர், திகதி எழுதுங்கோ. பிரதி எடுத்து நூலக நிறுவனத்திடம் கொடுங்கோ. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இன்றிரவே தொலைபேசி எடுத்து, அங்கே கொண்டுபோன அல்பங்களையும் தேடச் சொல்லுங்கோ.