மூட்டையும் முகாமும்

மலைநாட்டார் காட்டுவழி செல்லுங்கால் முதலில் மறக்க வேண்டியது, நீரைப் பற்றிய தம் பழக்கத்தையே ஆகும். கொடகவெலத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவருக்கு நீர் ஓர் அரும்பொருளன்று; திரும்பிய பக்கமெல்லாம் ஓடை உண்டு. ஆனால், பெல்மதுளையிலிருந்து கொடகவெல வழியாகத் தெற்கே செல்லும் பெருவீதி, எம்பிலிப்பிட்டியை அணுகும்போதே உலர்வலயத்துள் இறங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று இரத்தினபுரி மலைகளை நனைக்கும் ஆடி மாதத்தில், தென்கிழக்குக் காடுகள் வறண்டு கிடக்கின்றன. கதிர்காமத் திருவிழாவும் அக்காலத்திலேயே வருகின்றது.

இன்று பெரும்பாலோர் பேருந்தில் ஏறிக் கதிர்காமம் சென்றுவிடுகின்றனர். எனினும், யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக வரும் பாதயாத்திரை இன்றும் உண்டு. அதன் இறுதிக் கட்டத்தில் மட்டும் சேர்ந்து கொள்வோரும் உளர். உகந்தைமலை முருகனை வணங்கிய பின், குமண, யால காடுகளினூடே பல நாள் நடை, இடையில் கடையில்லை. அங்கே உதவுவது மூட்டை கட்டிய அறிவு ஒன்றே.

வெயிலில் நடக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லீற்றர் நீர் வேண்டும். ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஆகவே நீருக்கு இடம் ஒதுக்கிய பின்னரே ஏனையவற்றை எண்ணுதல் வேண்டும். ஒரு மாற்றுடை, ஒரு போர்வை, அரிசி, பருப்பு, உப்பு, தீப்பெட்டி, மருந்து ஆகியன போதும். சமையற் பாத்திரம் குழுவுக்கு ஒன்றிரண்டு இருந்தாற் சாலும். கனமானவை முதுகையொட்டியும், அடிக்கடி வேண்டுவன மேலேயும் இருத்தல் நன்று. ஆப்பிரிக்கக் காடுகளில் வாகனத்தில் நெடும்பயணம் செல்வோரும் நீர்க்கலன்களைக் கூரையில் ஏற்றாது தாழ்வாகவே வைக்கின்றனர்.

தங்குமிடம் தேர்வதில்தான் உயிருக்கே பொறுப்பு இருக்கிறது. ஆற்றங்கரை குளிர்ச்சியாயிருக்கும், ஆயினும் யானை நீருக்கு வரும் தடமும் அதுவே. கும்புக்கன் ஆற்றில் முதலைகளும் உண்டு. ஆதலால் நீரை எடுத்துக்கொண்டு விலகித் தங்குவதே அறிவுடைமை. வறண்ட ஆற்று மணலிலும், பட்ட கிளைகளின் கீழும் படுத்தலாகாது. பாலைமர நிழலோ மிக இனியது. ஆனால் அம்மரம் பழுக்குங் காலத்தில் கரடிகள் அதனை நாடி வருகின்றன. பொழுது சாயுமுன்பே இடம் பார்த்து, சருகைக் கூட்டித் தள்ளிய பின்னரே அடுப்பு மூட்டுதல் வேண்டும். தேசிய வனங்களில், பாதயாத்திரைக்கெனத் திறக்கப்படும் நாட்கள் தவிர, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றித் தங்குதல் கூடாது.

உணவை வெளியே விட்டுவைப்பதும் தவறு. 1972-ஆம் ஆண்டில் தேசிய வனமான உடவளவையில், தணமல்வில வீதியின் மின்வேலியருகே யானைகள் வழிப்போக்கரை எதிர்நோக்கி நிற்பதைக் கொடகவெலப் பக்கத்தார் பலர் கண்டிருப்பர். பழம் நீட்டிய கைகளே அப்பழக்கத்தை ஊட்டின. மனிதரிடம் உணவு உண்டென்று கற்ற யானை, மறுநாள் வேறொருவரின் கூடாரத்தைத் தேடி வரும்.

ஆகவே, புறப்படும் காலையில் நெருப்பை நீரூற்றி அவித்து, சாம்பல் குளிர்ந்ததைக் கையால் தொட்டறிந்து, மிச்சத்தையும் பொலித்தீனையும் மூட்டையிலேயே கட்டிச் செல்லல் வேண்டும். பின்னால் வரும் யாத்திரிகரின் பாதுகாப்பு, முன்னால் சென்றவர் விட்டுச்செல்லும் இடத்தைப் பொறுத்ததேயாகும்.